முதல் வைப்பர் மோட்டார் நான்தான்

எங்கள் ஜீப்பின் முதல் வைப்பர் மோட்டார் நான்தான். வயது பதினொன்று. எரிபொருள், இரண்டு கடலை மிட்டாய். வேலைக்காலம், ஐப்பசி தொடங்கிக் கார்த்திகை முடிய.

1983-இல் அப்பா அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு இருபது வருடம் போல உழைத்துத் தேய்ந்த வண்டி. பி.டி.ஓ. போயிருக்கிறார், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்டும் புரொஜெக்டர் போயிருக்கிறது, ஓட்டுப் பெட்டி போயிருக்கிறது. இனிமேல் வெங்காயம் போகும் என்றார் அப்பா. பெரம்பலூர்க் கரிசலில் சின்ன வெங்காயம் எடுத்து மூட்டை போட்டுத் திருச்சி மண்டிக்கு அனுப்புவது அவர் தொழில். காட்டுக்குள் லாரி வராது, மாட்டு வண்டி நேரத்துக்கு வராது. ஜீப் வரும். வந்த பிறகு கிளம்புமா என்பது வேறு விஷயம்.

வில்லிஸ் சாதியில் உயரமான பானெட் வைத்த ரகம் அது. மகிந்திரா கம்பெனி செய்தது. 1945-இல் 'மகிந்திரா அண்டு முகமது' என்று தொடங்கிய கம்பெனி. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் இங்கே பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' ஆனது. ஆள் போனாலும் பெயரின் இரண்டு 'எம்'களுக்கும் சேதமில்லை. பெயர்ப்பலகை மாற்றும் விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. அந்தக் கதை பிறகு.

வண்டியில் வைப்பர் இருக்கத்தான் செய்தது. கரண்டில் ஓடுவதில்லை, வேக்குவத்தில் ஓடுவது. பெட்ரோல் என்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும்போது மானிஃபோல்டில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் சின்ன டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் ஒரு தகடு. வெற்றிடம் அதை ஒரு பக்கம் இழுக்கும், கடைசிக்கு வந்ததும் வால்வு மாறி மறுபக்கம் இழுக்கும். கரண்ட் செலவே இல்லை. அமெரிக்காக்காரன் மூளை என்று அப்பா மெச்சினார், முதல் மழை வரைக்கும்.

சங்கடம் என்னவென்றால், ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த வெற்றிடம் குறைந்துவிடும். காலை எடுத்தால் கூடும். அதாவது, வண்டி வேகமாகப் போகும்போது வைப்பர் தூங்கும். வண்டி நிற்கப் போகிறது என்றால் வைப்பர் விசிறி மாதிரி அடிக்கும். பச்சைமலை அடிவாரத்தில் ஒரு மேடு ஏற வேண்டுமென்றால், மழை கொட்ட, என்ஜின் முக்க, வைப்பர் நட்ட நடுக் கண்ணாடியில் சாமி கும்பிட்டபடி நிற்கும். பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் போகக் கூடாது, போக வேண்டுமென்றால் பார்க்கக் கூடாது. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். ஐந்து எண்ணும்வரை மிதிப்பார், காலை எடுப்பார், வைப்பர் படபடவென்று நாலு தடவை துடைக்கும், எதிரே புளியமரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி மிதிப்பார். இடைவெளி விட்டுத் துடைக்கும் வைப்பரைக் கண்டுபிடித்தது நான்தான் என்று ராபர்ட் கெர்ன்ஸ் என்பவர் 1978-இல் ஃபோர்டு கம்பெனி மேல் வழக்குப் போட்டு, பன்னிரண்டு வருடம் அலைந்து, ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். எங்கள் ஜீப் அதே காரியத்தை வக்கீல் இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

வெயிலில் காய்ந்து ரப்பர் குழாய் வெடித்த பிறகு அந்தப் படபடப்பும் நின்றது. அப்பா ஒரு சணல் கயிற்றை வைப்பர் தண்டில் கட்டி, இரண்டு முனைகளையும் இரண்டு பக்கத்துப் படுதா வழியாக உள்ளே விட்டார். வலது முனை அவர் கையில், இடது முனை என் கையில். அவர் இழுத்தால் அந்தப் பக்கம், நான் இழுத்தால் இந்தப் பக்கம். "ம்" என்பார், இழுப்பேன். தூங்கிவிட்டேன் என்றால் தலையில் ஒரு தட்டு விழும், உடனே வேகம் கூடும். இப்போதைய வண்டிகளில் ஸ்பீடு ஒன்று, ஸ்பீடு இரண்டு என்று சுவிட்சில் போட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பின்மண்டை லேசாக வலிக்கும்.

வண்டிக்குள்ளிருந்தே கைப்பிடியை இழுத்துக் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903-இல் காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. நாங்கள் அவரைவிடச் சரியாக எண்பது வருடம் பின்தங்கியிருந்தோம். ஆனால் அந்தக் காப்புரிமையை ஒரு கம்பெனியும் விலைக்கு வாங்கவில்லை, 1920-இல் அது காலாவதியாகிவிட்டது. அவருக்குக் கடலை மிட்டாய்கூடக் கிடைக்கவில்லை என்று சொல்ல வந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போகிற நாளில் அப்பாவுக்குத் துணை புகையிலை. இரண்டு பீடியைப் பிரித்துத் தூளை உள்ளங்கையில் வைத்து ஈரக் கண்ணாடியில் தேய்ப்பார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடாக வழியும், பாதை கொஞ்சம் தெரியும். பீடி இல்லாவிட்டால் வெங்காயம். அதற்கு மட்டும் வண்டியில் பஞ்சமே இல்லை. ஒன்றை நறுக்கித் தேய்ப்பார். கண்ணாடி தெளியும், கண் கலங்கும். கணக்குச் சரியாகிவிடும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, அரியலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு மழை என்றால் உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அப்பா அப்போது சின்னப் பையன். ஆற்றங்கரைக்கு ஓடிப் பார்த்த கூட்டத்தில் அவரும் ஒருவர். என்ன பார்த்தார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மருதையாற்றில் தண்ணீர் போகிற நாளில் மட்டும் வெங்காயம் அழுகினாலும் பரவாயில்லை என்று வண்டியை எடுக்க மாட்டார்.

1988-இல் பெட்ரோல் விலை அப்பாவை டீசலுக்குத் தள்ளியது. அப்போது ஊரெல்லாம் அதே பேச்சுதான். பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ வந்த டீசல் என்ஜினை உட்கார வைப்பது. அரியலூரில் ஒரு மேஸ்திரி அதில் கை தேர்ந்தவர். பட்டறை என்று சொன்னால் ஒரு புங்கமரம், ஒரு கட்டில், ஒரு செயின் பிளாக். பதினோரு நாளில் வண்டி தடதடவென்று டீசலில் ஓடியது. அன்றைக்குத்தான் வேக்குவம் வைப்பருக்குச் சட்டப்படி மரணம். டீசல் என்ஜினில் காற்றுப் பாதையை அடைக்கும் திராட்டில் கிடையாது, ஆகவே உறிஞ்சிக் கொடுக்க வெற்றிடமும் கிடையாது. மேஸ்திரி யோசித்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த தகர டின்னில் கையை விட்டு, ஏதோ உடைசல் வண்டியிலிருந்து வந்த பன்னிரண்டு வோல்ட் வைப்பர் மோட்டார் ஒன்றை எடுத்தார். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினார். கார்பனை மாற்றினார். ஆர்மேச்சர் செம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். பல்சக்கரத்தில் புது கிரீஸ் அப்பினார். சட்டத்தில் மாட்டி, சுவிட்சிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் இழுத்தார்.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். கண்ணாடிச் சட்டத்தின் கீலுக்குப் பக்கத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, ஒரு போல்ட்டு போட்டு, அங்கிருந்து பாடிக்கு ஒரு கறுப்புச் செப்பு ஒயரை முடிந்துவிட்டார். ஜீப்பின் கண்ணாடியை முன்னால் மடக்கலாம் இல்லையா, அதற்காக ஒயரைத் தொய்வாக விட்டிருந்தார். அது டேஷ்போர்டு ஓரத்தில் வளையமாகத் தொங்கிற்று.

"என்ன மேஸ்திரி, வண்டிக்கு அரைஞாண் கயிறா?" என்றார் அப்பா.

"இருக்கட்டும் முதலாளி. அவுத்துறாதீங்க" என்றார் மேஸ்திரி. வேறு விளக்கம் கிடையாது. விளக்கம் சொல்லும் வழக்கம் அந்தப் பட்டறையில் இல்லை.

வைப்பர் ஓடியது. மேடோ பள்ளமோ, ஒரே சீராக. எனக்கு வேலை போயிற்று. ஒரு குறை மட்டும் இருந்தது. சுவிட்சை அணைத்தால் தானாக ஓரத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் புத்தி அந்த மோட்டாருக்குக் கிடையாது. அணைத்த இடத்தில் அப்படியே நிற்கும். "நேரம் பாத்து அமத்தணும் முதலாளி" என்றார் மேஸ்திரி. அப்பா ஒரே வாரத்தில் பழகிவிட்டார். நூலிழை தப்பாமல் கண்ணாடி ஓரத்தில் நிறுத்துவார்.

இப்போது அந்த மாவட்டக் கதை. ஜீப் நின்றது ஒரே கொட்டகையில். அது முதலில் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்கு வந்தது. 2001 ஜனவரி ஒன்றாம் தேதி அரியலூர் மாவட்டம் ஆனது. 2002 மார்ச் கடைசியில் மறுபடி பெரம்பலூர். 2007-இல் மறுபடி அரியலூர், இன்றுவரை அதுதான். அந்தப் பக்கம் ஒரு வீச்சு, இந்தப் பக்கம் ஒரு வீச்சு. எங்கள் ஊர்ப்பக்கம் ஒழுங்காக ஓடிய வைப்பர் அரசாங்கத்திடம் இருந்தது ஒன்றுதான் என்பார் அப்பா. ஒவ்வொரு வீச்சிலும் அலுவலகப் பலகைகளுக்குப் புதுப் பெயிண்ட். கடைசியாக நின்ற தேதி, 2007 நவம்பர் 23. அரியலூர் ரயில் விழுந்த அதே நவம்பர் 23. அன்றைக்கு அப்பா காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு ஜீப் கொட்டகையில் கிடந்தது. 2009-இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகப் பேப்பரில் பெரிதாக வந்ததே, எங்கள் ஜீப்பின் பின்சீட்டிலும் வாரத்துக்கு நாலைந்து முட்டை கிடைத்தது. கோழி முட்டைதான். அதனால் யாரும் பேப்பரில் போடவில்லை.

2022-இல் எனக்கு ஐம்பது வயதானது. ஐம்பது வயதில் ஆண்களுக்கு ஒன்று சர்க்கரை வரும், இல்லாவிட்டால் பழைய வண்டி ஆசை வரும். எனக்கு இரண்டும் வந்தன. ஜீப்பை லாரியில் ஏற்றி ஒரு நகரத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். பட்டறை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஸ்டுடியோ. ஏசி உண்டு. வாசலில் காபி இயந்திரம். இன்ஜினியரிங் படித்த தம்பி ஒருவர் டேப்லெட்டில் பட்டியல் போட்டுக் காட்டினார்: அசலுக்குச் சம்பந்தமில்லாத சாமான்கள், மொத்தம் முப்பத்தேழு. ஒவ்வொன்றாக என் ஒப்புதல் கேட்டார். பின்னால் கட்டிய வெங்காயக் கம்பி, எடுத்துவிடலாம். அப்பா ஒட்டிய முருகர் ஸ்டிக்கர், கொஞ்சம் தயங்கினேன், எடுத்துவிடலாம். இருபத்தொன்பதாவதாக, "சார், இது என்னன்னே தெரியல, சும்மா தொங்குது."

"தூக்கிப் போடுங்க தம்பி, அசிங்கமா இருக்கு" என்றேன்.

ஏழு மாதமும் ஒரு சின்ன வீட்டு மனையின் விலையும் ஆயின. கண்ணாடிச் சட்டம், கீல், பாடி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, துரு நீக்கி, பவுடர் கோட்டிங் அடித்திருந்தார்கள். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். அந்தச் சூட்டோடு விண்டேஜ் பதிவு வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி: முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய். எங்கள் ஊரில் வி.ஏ. என்றால் பின்னால் ஓ. சேர்த்துக் கிராம நிர்வாக அலுவலர் என்றுதான் நினைப்பார்கள், அது போகட்டும். விதியைக் கடைசிவரை படித்தால், வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1988-இல் மாற்றிய டீசல் என்ஜின் அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. எங்கள் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது, வயது 12 கோடி வருடம் என்கிறார்கள். அடி முதல் நுனி வரை கல்லாக மாறிவிட்டது. அதையே அரசாங்கம் மரம் என்று வேலி போட்டுக் காக்கிறது. என்ஜின் மட்டும் மாறிய என் ஜீப்பைப் பழைய ஜீப் என்று ஒப்புக்கொள்ள அதற்கு மனம் வரவில்லை.

அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் மழை வந்தது. வைப்பரைப் போட்டேன். கிளம்பியது. உடம்பு சரியில்லாத ஆள் எழுந்து திண்ணைக்கு வருவது போல வந்தது. அந்தக் கோடிக்குப் போய், யோசித்து, திரும்பியது. அது ஒரு முறை போய் வருவதற்குள் துடைத்த இடமெல்லாம் மறுபடி நனைந்திருந்தது.

"மோட்டார் வீக் சார், புதுசு போட்டுறலாம்" என்றார் ஸ்டுடியோ தம்பி. ஒயரில் மீட்டர் வைத்துக் காட்டினார், பன்னிரண்டு வோல்ட் வருகிறது, ஆகவே ஒயரில் கோளாறில்லை. எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆன்லைனில் புது மோட்டார் வாங்கி மாட்டினோம். அதுவும் அப்படியே திண்ணைக்கு வந்தது. பழையதைப் பிரித்தார்கள். உள்ளே கிரீஸ் வெல்லப்பாகு மாதிரி இறுகியிருந்தது, கார்பன் தேய்ந்திருந்தது. இரண்டையும் சரி செய்து மேசைமேல் வைத்து பேட்டரியைக் கொடுத்தால் சுழன்று சுழன்று ஓடியது. ஜீப்பில் மாட்டினால் மறுபடி சவலை. தண்டின் புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டார்கள், பிளேடு ரப்பரை மாற்றினார்கள், பிளேடையே கழற்றி வெறும் தண்டை ஓட்டிப் பார்த்தார்கள். பில் மட்டும் வேகமாக ஓடியது.

அந்த வாரம் அக்கா மகன் புதுக் காரில் வந்திருந்தான். மழையைத் தானே கண்டுபிடித்துத் துடைக்கும் வைப்பராம். உள்ளேயிருந்து ஓர் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வெளியே தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கதிர் அதன் வழியே தப்பிவிடும். திரும்பி வருவது குறைந்தால் மழை என்று அர்த்தம். எனக்குக் கிடைத்த தலைத்தட்டைவிட நாகரிகமான ஏற்பாடுதான். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும், சிமெண்ட் ஆலைகளுக்கு. அதன் பின்னால் கொஞ்ச தூரம் போனோம். கண்ணாடி வெள்ளையாகியது. வைப்பர் மழை என்று முடிவு செய்து, சுட்டெரிக்கும் வெயிலில், கர்ர்ர் என்று வறட்டுப் புழுதியைத் தேய்த்தது. "மாமா, இதை எப்படி நிறுத்துறது?" என்றான். சொந்தக் காரில்.

கடைசியில் மேஸ்திரியைத் தேடிப் போனேன். எண்பது நெருங்கியிருக்கும். புங்கமரம் அப்படியே இருக்கிறது. அதன் நிழலில் மகன் வாட்டர் வாஷ் நடத்துகிறார். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடிப் பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க முதலாளி. அரைஞாண் கயிறு எங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பேரனைக் கூப்பிட்டு ஒரு முழ ஒயர் எடுத்து வரச் சொன்னார். வைப்பரை ஓடவிட்டு, ஒயரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தார், மறுமுனையால் மோட்டாரின் உடம்பைத் தொட்டார். அவ்வளவுதான், வைப்பர் துள்ளி எழுந்து அடித்தது. எடுத்தார், சோர்ந்தது. தொட்டார், துள்ளியது. மூன்று தடவை செய்து காட்டினார், பிள்ளைக்கு வித்தை காட்டுகிற மாதிரி.

"போற கரண்டுக்கு வழி வெச்சாங்க. வர்ற கரண்ட் எந்த வழியா வரும்? எல்லாக் கதவையும் பெயிண்ட் அடிச்சு அடைச்சுட்டீங்களே."

எர்த். மோட்டாரிலிருந்து கரண்ட் திரும்ப வேண்டிய வழி, சட்டத்திலிருந்து கீல், கீலிலிருந்து பாடி. பழைய துருவே அந்த வழியைப் பாதி அடைத்திருந்தது, அதனால்தான் அன்றைக்கு ஒயரை முடிந்தார். புது பவுடர் கோட்டிங் மிச்சத்தையும் அடைத்துவிட்டது. ஏதோ ஒரு போல்ட்டு மரை வழியாகக் கரண்ட் கசிந்து வந்ததில்தான் அந்தத் திண்ணை நடையாவது நடந்திருக்கிறது. பேரன் என் கையிலிருந்த மீட்டரை வாங்கி, வைப்பர் ஓடும்போது, மோட்டார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தான். அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. நாலு வோல்ட் காட்டியது. பன்னிரண்டில் நாலு வழியிலேயே போய்விட்டால் மோட்டாருக்கு மிச்சம் எட்டு. ஸ்டுடியோவில் வைப்பரை ஓடவிடாமல் அளந்தார்கள். கரண்ட் ஓடாதபோது எந்த அடைப்பும் மீட்டருக்குத் தெரியாது.

மேஸ்திரி மடியிலிருந்து ஒரு துண்டு ஆக்ஸா பிளேடை எடுத்தார். கீலுக்குப் பக்கத்தில், சதுர அடி இத்தனை என்று கணக்குப் போட்டு நான் காசு கொடுத்த கோட்டிங்கைச் சுரண்டினார். கறக் கறக் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் எனக்குப் பல் கூசியது. வெள்ளையாக இரும்பு தெரிந்ததும் ஒரு போல்ட்டு, ஒரு கறுப்பு ஒயர், தொய்வாக ஒரு வளையம். அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினார், மறுபடி துரு பிடிக்காமல் இருக்க. பேரன் வாட்டர் வாஷ் குழாயைக் கண்ணாடிமேல் திருப்பினான். வைப்பர் ஓடியது, 1988-இல் ஓடிய மாதிரியே.

எவ்வளவு என்று கேட்டேன். ஒயருக்கு இருபது ரூபாய் என்றான் பேரன். மேஸ்திரி, "அப்பா கணக்குல பழைய பாக்கி ஒண்ணு இருக்கு, அது கெடக்கட்டும்" என்றார். என்ன பாக்கி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் படுத்துவிட்டார்.

பெரம்பலூர் ரோட்டில் திரும்பினேன். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை, கண்ணாடியில் மட்டும் குழாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. அது காயும்வரை வைப்பரைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தேன். முதல் தடவை நட்ட நடுவில் நின்றது. இரண்டாம் தடவை முக்கால். எதிரே வந்த லாரிக்காரர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பேரளி வந்தபோது ஓரத்துக்கு நாலு விரல் பாக்கி.